ஊற்றுகிற கையும் சொல்லுகிற வாயும்

அந்த வாரம் நான் வேலை செய்யும் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது ஒரு பெட்டிச் செய்தி. கிறிஸ்தவர்களின் புனித வாரமும் முஸ்லிம்களின் ரமலான் நோன்பும் யூதர்களின் பாஸ்காவும் அந்த ஆண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. மூன்றையும் சேர்த்து முந்நூறு வார்த்தை கேட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் யூதருக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். பொம்மையார்பாளையம் கடற்கரை விடுதிகளில் விசாரிக்கச் சொன்னார்கள். விசாரித்தேன். இஸ்ரேலிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண், பாஸ்கா தொடங்கிவிட்டால் புளித்த மாவு எதையும் தொடமாட்டேன், இட்லியும் அதில் சேர்த்திதான் என்றார். குறித்துக்கொண்டேன். ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயர் வைப்பார்கள் என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். முஸ்லிம் வீடுகளில் பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். செய்தியாகத் தெரியும்.

அதை எழுதி முடிப்பதற்குள் என் மகன் பிறந்துவிட்டான். ஏழாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவனுக்கு மூச்சு சரியாக வரவில்லை. அங்கே அதற்கான இயந்திரம் இல்லாததால் ஆம்புலன்ஸில் வைத்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். மனைவி தையல் போட்ட வயிற்றோடு திண்டிவனத்தில் கிடந்தாள். துணைக்கு அவள் தங்கை. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் பைக்கில் நானும், என் பின்னால் என் மாமியாரும் வந்தோம். வழி முழுவதும் அவர் மடியில் ஒரு கட்டைப்பை வைத்திருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கிறிஸ்தவன் இல்லை. மண்டகப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் சொந்த நிலத்தில் பயிர்வைக்கும் குடும்பம் எங்களுடையது. என் மனைவி திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்துப் பெண். அவள் அம்மா இன்றும் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவர். கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. நான் மதம் மாற வேண்டாம், பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றார் அவர்கள் சாமியார் என்று அழைக்கிற ஊர்ப் பாதிரியார். அவள் வாக்குக் கொடுத்தாள். அது எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னேன். என் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் கர்ப்பமான செய்தி போனபோது போனில் கேட்டது ஒரே கேள்வி. “பொறக்கறது எந்தப் பக்கம்டா?” பிறக்கட்டும், பார்க்கலாம் என்றேன்.

அப்படித்தான் இருந்து பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கோயிலில் இறக்கிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எல்லோரும் முழங்காலிடும்போது உட்கார்ந்திருப்பேன். யாரும் எதுவும் சொன்னதில்லை.

விழுப்புரம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. வெளியே ஒரு பெஞ்ச். எதிரில் கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி, அதற்குள் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் இருந்தவன் எங்களுடையவன். கதவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் தெரியவில்லை, தலைமாட்டில் மினுக்கிய எண் தெரிந்தது. மருத்துவர் வெளியே வந்து நின்றபடியே பேசினார்.

“லங்ஸ் முத்தல. மருந்து குடுத்திருக்கோம். மெஷின்ல வச்சிருக்கோம். சாயந்திரம் வரைக்கும் போவட்டும். அதுக்கு முன்ன நான் எதுவும் சொல்ல முடியாது.”

அந்த எண் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அது தொண்ணூறுக்கு மேலே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். நாங்கள் வந்தபோது அது எண்பத்தெட்டாக இருந்தது.

பகல் பணியில் இருந்த அந்த நர்ஸ் கோட்டக்குப்பத்துப் பெண். முப்பது வயதிருக்கும். தலைத்துணியை மடித்துப் பச்சைத் தொப்பிக்குள் செருகியிருந்தார். வெளியே நர்ஸ்கள் மேசையில் அவருடைய கைப்பையும், ஒரு சின்ன டப்பாவில் பேரீச்சம்பழமும் இருந்தன. நோன்பு என்று தெரிந்தது. அதையும் என் கண் குறித்துக்கொண்டது. பெட்டிச் செய்திக்கு ஆகும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

மனைவியிடமிருந்து போன் வந்தது. மயக்க மருந்தில் நாக்கு தடித்திருந்தது.

“ஏங்க, தண்ணி ஊத்தியாச்சா?”

“சாமியாரத் தேடிக்கினு இருக்கோம்.”

“ஜல்தியா தேடுங்க.”

சாமியார் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் இரண்டு பங்குக் கோயில்களின் சாமியார்களுக்கும், வழியில் ஒருவருக்கும் போன் செய்தேன். மூன்று பேரின் போன்களும் அணைந்திருந்தன. கடைசியில் ஒரு கோயிலின் எண்ணில், அங்கே மணியடித்து வேலை பார்க்கும் கோயில்பிள்ளை எடுத்தார். “எல்லா சாமியாரும் பாண்டிக்குப் போயிருக்காங்க சார். எண்ணெய் மந்திரிக்கிற பூசை. பூசை முடிஞ்சி, சாப்பாடு முடிஞ்சிதான் வருவாங்க.” புனித வாரத்தில் ஒரு நாள் ஆயர் எண்ணெய்களை மந்திரிப்பார். ஆண்டு முழுவதும் ஞானஸ்நானத்துக்கும் நோயாளிகளுக்கும் பூசுவது அந்த எண்ணெயைத்தான். மறைமாவட்டத்துச் சாமியார்கள் அத்தனை பேரும் அன்று அங்கே போய் நிற்பார்கள். ஞானஸ்நான எண்ணெய்க்காகப் போனதால் ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை.

இதைச் சொன்னதும் அத்தை கட்டைப்பையைத் திறந்தார். பழைய குளிர்பான பாட்டில் ஒன்றில் தண்ணீர் இருந்தது.

“மாப்ளே, எனக்கு மொதோ புள்ள ஒண்ணு பொறந்துது. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. என் மனைவிதான் மூத்தவள் என்று நினைத்திருந்தேன்.

“அரை நாளு இருந்துது. அன்னிக்கும் சாமியாரு இல்ல. நாங்க நடவுக்காரங்க, எங்களுக்கு இன்னா தெரியும்? யாரு ஊத்தலாம், யாரு ஊத்தக் கூடாதுன்னு பேசிக்கினே இருந்தோம். அதுக்குள்ள போயிடுச்சி. கல்லறைத் தோட்டத்துல வெக்க வுடல. மதிலுக்கு வெளிய, சவுக்கு ஓரத்துல தோண்டி வெச்சோம். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் உள்ள மெழுவத்தி கொளுத்துவாங்க. நான் ஒண்ண எடுத்துக்கினு வெளிய போவேன்.”

இப்போதெல்லாம் அப்படி இல்லை, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளையும் உள்ளே வைக்கிறார்கள் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன்.

“அவங்க மாத்திக்கினாங்க” என்றார். “எம் புள்ளைய உள்ள எடுத்து வெச்சாங்களா?”

கண்ணாடிக் கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்ததும் அத்தை எழுந்துவிட்டார்.

“எம்மா, இங்க வா. நீ உள்ள போறவதானே? இந்தத் தண்ணிய எங்க புள்ள தலையில கொஞ்சம் ஊத்திடு.”

நர்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது எந்தத் தண்ணிங்கம்மா?”

“சாமியாரு மந்திரிச்சது.”

“எப்ப மந்திரிச்சது?”

“போன வருஷம் ஈஸ்டருக்கு.”

“உள்ள கொண்டுபோவ முடியாதுங்கம்மா. கிருமி இருக்கும்.”

“மந்திரிச்ச தண்ணியில எப்படிம்மா கிருமி வரும்?”

“வரும். எங்க மக்காவுலேந்து வர்ற ஜம்ஜம் தண்ணியக்கூட இங்க உள்ள வுட மாட்டாங்க.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “ஊசி மருந்து கலக்கற தண்ணி இருக்கு. சுத்தமானது. டாக்டர் சரின்னா அதுல ரெண்டு சொட்டு நானே வெக்கிறேன்.”

அத்தைக்கு முகம் தெளிந்தது. “எந்தத் தண்ணியா இருந்தா இன்னா, ஊத்து. ஆனா சும்மா ஊத்தக் கூடாது. சொல்லிக்கினே ஊத்தணும்.”

“என்ன சொல்லணும்?”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன். அம்மாந்தான். ஒரே மூச்சு.”

நர்ஸ் தோளில் கிடந்த முகக்கவசத்தின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அத நான் சொல்ல முடியாதுங்கம்மா.”

“ஏன்? தமிழ்தானே?”

“தமிழ்தான். எங்களுக்கு ஆண்டவன் ஒருத்தன். அவன் யாரையும் பெக்கல. தெனம் தொழுகையில இதச் சொல்றேன். அதே வாயால அத எப்படிங்கம்மா சொல்றது?”

“ஊசி போடறியே, மதம் பாத்தா போடற?”

“ஊசி போடும்போது நான் எதுக்கும் சாட்சி சொல்லலியே.”

“ஒரு உசுருக்காவ சொல்லு. சொல்லிட்டு அப்புறமா உங்க சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்க.”

“கேட்டுக்கலாம்னு நெனச்சிக்கினே ஒண்ணச் செய்யக் கூடாதுங்கம்மா. நோம்பு வேற வெச்சிருக்கேன்.”

“நாங்க மட்டும் இன்னா துன்னுக்கினா கெடக்கறோம்? சாம்பப் புதன்லேந்து கறி மீன் தொடல. இன்னிக்கி கஞ்சித் தண்ணியோட நிக்கிறேன்.”

“அப்ப உங்களுக்கே தெரியும்ல?” என்றார் நர்ஸ்.

அத்தை உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் போகவில்லை. “வேற யாராவது சொல்றதா இருந்தா நான் ஒத்தாசை பண்றேன்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. எண் எண்பத்தேழு.

அத்தையின் ஊர் உபதேசியாருக்குப் போன் போட்டேன். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிவைப்பவர், சாவு ஊர்வலத்தில் கல்லறை வரை உடன் நடப்பவர். சத்தமாகப் பேசுவார். ஸ்பீக்கரில் போடத் தேவையே இல்லை.

“ஆபத்துக்கு யாரு வேணா ஊத்தலாம் சார். ஆம்பள, பொம்பள, கிறிஸ்தவன், இந்து, பாய் வூட்டுக்காரங்க, யாரு வேணா. ஊத்தறவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்களா இருக்கணும்னுகூட இல்ல.”

அத்தை பெஞ்சிலிருந்து நிமிர்ந்தார். “யாரு வேணான்னா? அன்னிக்கி ஏன்யா இத யாரும் சொல்லல?”

“அன்னிக்கி உபதேசியாரு எங்கப்பா” என்றார் அவர்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. நான் இங்கிருந்து போனில் சொல்கிறேன், உள்ளே நர்ஸ் ஊற்றட்டும். அவர் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

“செல்லாது” என்றார் உபதேசியார். “ஊத்தற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும்.”

“சொல்றவனுக்கு நம்பிக்கை இல்லைன்னா?”

“கோயிலு இன்னா நெனச்சிக்கினு செய்யுதோ அத நானும் செய்யறேன்னு ஒரு மனசு வேணும். வெளையாட்டுக்கு ஊத்தக் கூடாது. தண்ணி ஓடணும் சார். நனைச்சா பத்தாது. மூணு பேரையும் சொல்லணும். ஒண்ணு வுட்டுப் போனாலும் இல்லைன்னு அர்த்தம்.”

போனை வைத்தேன். அத்தை என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என்னிடம் சாமி விஷயமாக எதையும் கேட்டதில்லை. ஜெபமாலை சொல்லும்போது டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுகூட இல்லை.

“மாப்ளே” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

கோயிலில் சாமியார் ஊற்றியிருந்தால் நான் கடைசி பெஞ்சில் இருந்திருப்பேன். அவர்கள் செய்தார்கள், நான் தடுக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கமும் பொய்யில்லை. வேலையிலும் அப்படித்தான். செய்தி எடுக்க ஊர்வலத்தோடு நடப்பேன், கோஷம் போடமாட்டேன். நர்ஸால் அந்தச் சொற்களைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அவற்றின் எடை தெரியும். எனக்குத் தடை எதுவும் இல்லை, நான் எந்தத் தொழுகையிலும் எதையும் மறுத்ததில்லை. அதனால்தான் என் வாயில் அவை எடையில்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். வெளையாட்டுக்கு ஊத்தக் கூடாது என்றவர் என்னைத்தான் சொன்னார் போலிருந்தது.

எண் எண்பத்தைந்துக்கு இறங்கியது. நான் கண்ணாடியைத் தட்டினேன்.

நர்ஸ் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்தார். “ரெண்டு எம்.எல்.தான். அவ்ளோதான் சார் விட்டிருக்காரு. ஒடனே தொடச்சிடணும். பெட்டிய ரொம்ப நேரம் தெறந்து வெக்கக் கூடாது, சூடு எறங்கிடும்.” முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னார். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றச் சொன்னார். இடுப்புக் கயிறு பின்னால் கட்டுகிற பச்சை அங்கியை மாட்டிவிட்டார். அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு விரலை நெற்றிக்கும் மார்புக்கும் கொண்டுபோய் எனக்குச் சிலுவை போட்டுக் காட்டினார். அது எனக்குத் தேவையில்லை என்று சொல்ல நேரமில்லை.

உள்ளே நர்ஸ் ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பியை எடுத்தார். உடைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டு நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“ஏ.சி.யில இருந்த தண்ணி சார். சில்லுனு பட்டா மூச்சு நின்னுடும்.”

அவர் கைச்சூட்டில் அது சூடாகும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம், அவன் உள்பட. பிறகு குப்பியின் கழுத்தை உடைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி என்னிடம் கொடுத்தார். பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். அவன் என் முன்கையை விடக் கொஞ்சம் நீளம். கன்னத்தில் பிளாஸ்திரி. வாயில் குழாய். தோல் வழியே எல்லாம் தெரிந்தது. நர்ஸ் இரண்டு விரலால் அவன் தலையைப் பக்கவாட்டில் தாங்கி, கட்டை விரலைக் கண்ணுக்கு மேலே அணை மாதிரி வைத்தார்.

“ஊத்தறது நீங்க. கண்ணுல போவாம பாத்துக்கறது என் வேல” என்றார்.

நான் ஊற்றினேன். சொன்னேன்.

வெளியே வந்ததும் உபதேசியாரே கூப்பிட்டார். “ஆச்சா சார்? தண்ணி ஓடிச்சா? மூணு பேரையும் சொன்னீங்களா?”

“சொன்னேன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறேன்னா?”

உடைந்த குப்பியின் விளிம்பு நினைவிருந்தது. பிளாஸ்திரியின் ஒரு முனை சுருண்டிருந்தது நினைவிருந்தது. நர்ஸின் கட்டை விரல், அதன் நகத்தில் மங்கிப்போன மருதாணி. எண் எண்பத்து மூன்றாக இருந்து எண்பத்திரண்டானது. பிதா என்று தொடங்கியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் ஓடியதா, தலையில் தங்கிவிட்டதா என்பதை நான் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறவழிச்சாலை விபத்துகளில் பக்கத்தில் நின்றவர்களை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், லாரி எந்தக் கலர் என்று. தெரியலீங்க என்பார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பேன்.

“மறுபடி போயி ஊத்திட்டு வாங்க” என்றார் அத்தை.

“அப்படி ஊத்தக் கூடாதும்மா” என்று போனில் உபதேசியார் கத்தினார். “ஒரு தடவதான். மொதோ ஊத்தினது செல்லுபடின்னா, மறுபடி ஊத்தறது பாவம். சந்தேகம்னா அதுக்கு வேற மாதிரி சொல்லணும், இதுவரைக்கும் வாங்காம இருந்தா குடுக்கிறேன்னு.”

“இருந்தா, இல்லாட்டின்னு ஊத்தற தண்ணி எனக்கு வாணாம்” என்றார் அத்தை. “எம் மொத புள்ளைக்கு இப்படித்தான் பேசிக்கினே இருந்தோம்.”

அந்த நேரத்தில் உள்ளே மணி அடித்தது. விட்டுவிட்டு அடிக்கிற மெஷின் மணி. மருத்துவர் படியில் ஓடிவந்து எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். நர்ஸ் திரையை இழுத்தார். எண் மறைந்தது.

நாங்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். அத்தை ஜெபமாலையை எடுத்தார், மணியை உருட்டவில்லை, முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளானது. மனைவி மறுபடி கூப்பிட்டாள். பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்க முடியவில்லை. ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தூங்கிவிடுவாள். அந்த ஒரு வார்த்தை உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“ஆச்சாம்மா?” என்று மனைவி கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

“டாக்டரு உள்ள இருக்காரு. அப்புறம் பேசறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கோ பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கும் நேரம். மேசைமேல் பேரீச்சம்பழ டப்பா மூடியபடி இருந்தது. அதை எடுக்க யாரும் வரவில்லை. பாங்கு முடிந்தது. திரைக்குள் ஆட்கள் நகர்வது நிழலாகத் தெரிந்தது. அத்தை டப்பாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு இன்னும் வாய நனைக்கல” என்றார்.

ஜன்னலில் இருட்டு பரவத் தொடங்கிய பிறகுதான் திரை விலகியது. முதலில் எண்ணைத் தேடினேன். தொண்ணூற்றொன்று. நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து மேசையோரம் பிடித்து நின்றார்.

“கொழாயில சளி அடைச்சிருந்துது. மாத்தியாச்சி. மருந்தும் இப்பதான் பிடிக்குது. டாக்டர் வந்து சொல்வாரு. நான் சொன்னதா சொல்லாதீங்க.”

அத்தைக்கு அது பாதிதான். முன்னால் போய் நின்றார். கேட்கலாமா என்று தயங்கியது தெரிந்தது. பகலில் இதே பெண்ணிடம்தான் மல்லுக்கு நின்றிருந்தார்.

“எம்மா. இவருக்கு நெனப்பு இல்லன்றாரு. நீ பக்கத்துல இருந்தியே. நீ சொல்லு. நீ சொன்னா சரி.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். அவசரப்படவில்லை.

“தண்ணி ஓடிச்சிங்கம்மா. நெத்தி மேல ஊத்தனாரு, காதுக்குப் பின்னால ஓடி என் கையில எறங்கிச்சி. நான்தான் தொடச்சேன். ஊத்திக்கினே சொன்னாரு. மூணு பேரையும் சொன்னாரு. ரெண்டாவது பேரு மட்டும் வாய்ல வராம நின்னு, ரெண்டு தடவ சொன்னாரு. அப்புறம் கடைசி வரைக்கும் முடிச்சாரு. நான் கேட்டேன்.”

“சத்தியமா?”

“நோம்போட நிக்கிறேம்மா” என்றார்.

அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் நர்ஸின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. நர்ஸ் டப்பாவைத் திறந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, கைப்பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். எடுத்துப் பார்த்தார். காலி.

அத்தை எழுந்து, பக்கத்திலிருந்த தன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பாட்டிலை ஒரு முறை பார்த்தார்.

“அய்யோ, இது மந்திரிச்சது. இது வாணாம் உனக்கு” என்றார். “இரு. துன்னுடாத, இரு, நல்ல தண்ணியா கொண்டாறேன்.”

மூடியைத் திருகிக் கட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அந்த வயதில் படியில் ஓடினார். கீழே கேன் தண்ணீர் இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு டம்ளர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இருக்க மெதுவாக ஏறி வந்தார். நர்ஸ் அதுவரை பழத்தை விரலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகுதான் நான் மனைவிக்குப் போன் செய்து ஆச்சு என்றேன்.

பெட்டிச் செய்தியை நான் எழுதவேயில்லை. வேறு யாரோ எழுதினார்கள். விடுதிப் பெண்ணின் இட்லி அதில் இல்லை.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அப்பாவுக்கு நானே போன் செய்தேன். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, ஊற்றியது நான்தான் என்றேன். அவர் கேட்டது இதுதான்.

“சூடு பாத்து ஊத்தினியா?”

“பாத்துத்தான் ஊத்தினோம்.”

“சரி” என்றார். பேரனைப் பார்க்க வரவில்லை. ஆனால் எந்தப் பக்கம் என்ற அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

ஆபத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை பிழைத்தால் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். விட்டுப்போன சடங்குகளை அங்கே செய்வார்கள். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனோம். சாமியார் முதலில் கேட்டது, ஊற்றும்போது கூட இருந்தது யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“கோட்டக்குப்பத்துப் பொண்ணு. பாய் வூட்டுப் பொண்ணு. நோம்போட நின்னு சொல்லிச்சி.”

சாமியார் வேறு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் சாமியாரைத் தேடிய அன்று பாண்டியில் மந்திரித்த எண்ணெயை அவன் உச்சியில் பூசினார். வெள்ளைத் துணி போர்த்தினார். மெழுகுவத்தி கொளுத்தி என் கையில் கொடுத்தார். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊற்றுகிற சின்ன வெள்ளிக் கிண்ணம் அதன் விளிம்பில் இருந்தது. பழக்கத்தில் கோயில்பிள்ளை அதை எடுத்துச் சாமியாரிடம் நீட்டினார்.

“வெய்யி அத” என்றார் அத்தை, கோயில் முழுக்கக் கேட்கும்படி. “அவனுக்கு ஊத்தியாச்சி.”